பித்தளைக்குப் புளி, உலைச் சுவருக்குக் கசடு

கேள்வி:

நான் சேலம் மாவட்டத்துக்காரி. பாலிடெக்னிக்கில் உலோகவியல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். என் அப்பா இருபத்தாறு வருடம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "நாங்க வெட்டுற கல்லுக்குள்ளதான் எஃகு கொதிக்குது கண்ணு" என்று நான் சின்னவளாக இருந்தபோது சொல்லுவார். அப்போது அது எனக்குக் கதை மாதிரி இருந்தது. இப்போது ஓர் உருக்காலையில் ரிஃப்ராக்டரி (தீத்தாங்கி) பிரிவில் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. கூடப் படித்தவர்கள், "செங்கல் அடுக்குற வேலைக்கா போறே? ரோலிங் மில்லோ, லேபோ கிடைக்குதான்னு பாரு" என்கிறார்கள்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். இரும்பையே உருக்கிவிடும் சூட்டில் செங்கல் மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது? இந்தத் துறையில் புதிதாக ஏதாவது நடக்கிறதா, இல்லை நூறு வருடமாக அதே செங்கல்தானா? எங்கள் ஊர்க் கல்லுக்கு இன்னும் அதில் இடம் இருக்கிறதா?

— ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

உங்கள் அப்பா சொன்னது கதை இல்லை, அப்பட்டமான உண்மை. முப்பது வருடத்துக்கும் மேலாக உருக்காலைகளில் இந்தச் சுவர்களோடுதான் என் பிழைப்பு. உலைக்குள் தீப்பிழம்பைப் பார்ப்பவர்கள் ஆயிரம் பேர். அந்தத் தீயைச் சுற்றி நிற்கும் சுவரைப் பார்ப்பவர்கள் சிலர்தான். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக வரப் பார்க்கிறீர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சூடு ஒரு பொருட்டே இல்லை

முதல் சந்தேகம்: செங்கல் ஏன் உருகவில்லை?

இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். உருக்கை உலையிலிருந்து வடிக்கும்போது அது 1650 டிகிரி அளவில் இருக்கும். இனிக் கற்களைப் பாருங்கள். மணலின் சிலிக்கா ஏறக்குறைய 1700 டிகிரி வரை தாங்கும். அலுமினா 2050 டிகிரியைத் தாண்டும். உங்கள் ஊர் வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா 2800 டிகிரி வரை உருகாது. உருக்கின் சூட்டுக்கும் மக்னீசியா உருகும் சூட்டுக்கும் நடுவே ஆயிரம் டிகிரிக்கு மேல் இடைவெளி. சூடு மட்டுமே எதிரி என்றால், ஒருமுறை கட்டிய சுவர் தலைமுறை தலைமுறையாக நிற்க வேண்டும்.

நிற்பதில்லை. ஏன் என்று புரிய உங்கள் பாட்டி வீட்டுச் சமையலறைக்குப் போங்கள். பித்தளைப் பாத்திரம் விறகடுப்புத் தீயை எத்தனை வருடம் வேண்டுமானாலும் தாங்கும். அதிலேயே புளிக்குழம்பு வைத்தால் அதன் உள்பக்கத்தைப் புளி அரித்துவிடும். குழம்பும் களிம்பேறிக் கெட்டுப்போகும். அதனால்தான் ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் எல்லார் வீட்டுப் பாத்திரமும் வாசலுக்கு வந்தது. தீயைத் தாங்குவது பித்தளை. புளியைத் தாங்குவது ஈயம்.

உருக்கு உலையில் அந்தப் புளியின் பெயர் கசடு. இரும்பில் இருக்கும் சிலிக்கன், பாஸ்பரஸ் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து, நாம் போடும் சுண்ணாம்போடும் கலந்து, உருக்கின்மேல் குழம்பாக மிதக்கும். உருக்கு சுத்தமாவதே இந்தக் கசடு அழுக்கை வாங்கிக்கொள்வதால்தான். ஆனால் அழுக்கை வாங்கிக்கொள்ளும் அதே வாய்தான் சுவரையும் தின்கிறது. எங்கள் துறையின் முன்னேற்றம் முழுக்க இந்த ஒரு வாயைப் புரிந்துகொண்ட வரலாறுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீதிமன்ற எழுத்தர் கண்ட மருந்து

1856-இல் ஹென்றி பெஸ்ஸமர் காய்ச்சிய இரும்புக்குள் காற்றை ஊதி நிமிடக் கணக்கில் உருக்கு செய்து காட்டினார். கன்வெர்ட்டர் எனப்படும் அவருடைய உலையின் உள்சுவர் சிலிக்காவால் ஆனது. சிலிக்கா அமிலக் குணம் உடையது. பாஸ்பரஸை இழுத்து எடுக்கவோ சுண்ணாம்பு நிறைந்த காரக் கசடு வேண்டும். காரக் கசடை சிலிக்காச் சுவரின் அருகே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று சுவர் கரைந்து போகும். ஆகவே சுண்ணாம்பு போட முடியவில்லை. பாஸ்பரஸ் உருக்கிலேயே தங்கியது. குளிரில் அந்த உருக்கு நொறுங்கியது. ஐரோப்பாவின் இரும்புத்தாதில் பெரும்பகுதி பாஸ்பரஸ் மிகுந்தது. அத்தனையும் பெஸ்ஸமர் முறைக்கு உதவாமல் கிடந்தது.

இதற்கு வழி கண்டவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். லண்டனில் காவல் நீதிமன்ற எழுத்தர். பகலில் வழக்குக் கட்டுகள், மாலையில் வேதியியல் வகுப்பு. வேல்ஸின் பிளேனவன் இரும்பாலையில் வேதியியலாளராக இருந்த அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் சோதனைகளுக்குத் துணை நின்றார். அவர்கள் மாற்றியது சுவரைத்தான். சுட்ட டோலமைட் கல்லால் காரக் குணமுள்ள உள்சுவர் கட்டினார்கள். காரத்தைக் காரம் தின்னாது. சுண்ணாம்பைத் தாராளமாகப் போட முடிந்தது. 1879-இல் மிடில்ஸ்பரோவில் ஆலை அளவில் செய்து காட்டியபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. பாஸ்பரஸ் ஏறிய அந்தக் கசடு பின்னால் வயலுக்கு உரமாகவும் போனது. தாமஸ் 1885-இல், 34 வயதில் காலமானார்.

காரச் சுவர் வந்ததும் மக்னீசியாவுக்குத் தேவை பிறந்தது. 1881-இல் ஆஸ்திரியாவின் ஃபைட்ஷ் பகுதியில் மேக்னசைட் (உங்கள் ஊர் வெள்ளைக்கல்தான்) படிவம் கண்டறியப்பட்டு, மக்னீசியாச் செங்கல் தொழில் வேரூன்றியது. உங்கள் அப்பாவின் கைக்கு உளி வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

கரி வந்து சேர்ந்தது

அடுத்த பெரிய மாற்றம் ஆக்சிஜனால் வந்தது. 1952-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலும், அடுத்த ஆண்டு டோனவிட்ஸிலும், காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனை மேலிருந்து ஊதும் முறை ஓடத் தொடங்கியது. இரண்டு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து எல்.டி. கன்வெர்ட்டர் என்கிறோம். இந்தியாவில் முதலில் அதை எடுத்துக்கொண்டது ரூர்கேலா ஆலை. ஊதுவது இருபது நிமிடத்துக்குள் முடியும். ஆனால் அந்த நேரத்தில் சுவர் படும் பாடு முன்னெப்போதும் படாதது. தார் சேர்த்த டோலமைட், மக்னீசியாச் செங்கற்களால் கட்டிய சுவர்கள் சில நூறு ஹீட்டுகளிலேயே தேய்ந்தன. ஒரு ஹீட் என்பது ஒருமுறை உருக்கு காய்ச்சி வடிப்பது.

தேய்ந்த செங்கல்லைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தார் எரிந்து கரியாகத் தங்கிய இடத்துக்குள் கசடு இறங்கவில்லை. கரி போன இடத்தில்தான் இறங்கியிருந்தது. காரணம் எளிது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோலக் கரியில் கசடு ஒட்டாது. அப்படியானால் கரியை வேண்டுமென்றே சேர்த்தால் என்ன?

1970-களில் ஜப்பானியர்கள் அதைச் செய்தார்கள். மக்னீசியாக் குருணையோடு செதில் செதிலான கிராஃபைட்டைக் கலந்து, ஃபீனாலிக் ரெசினால் பிணைத்து, பெரிய அழுத்தத்தில் அச்சடித்தார்கள். இதுதான் மேக்-கார்பன் செங்கல். சூளையில் சுடுவதில்லை, மிதமான சூட்டில் பதப்படுத்தினால் போதும். கிராஃபைட் சூட்டை வேகமாகக் கடத்துவதால் திடீர்ச் சூட்டில் செங்கல் வெடிப்பது குறைந்தது. கசடும் உள்ளே புக முடியவில்லை. மின்வில் உலையில் மிக வேகமாகத் தேயும் இடங்களுக்கு முதலில் வந்தது; பிறகு கன்வெர்ட்டர், உருக்கைச் சுமக்கும் லேடில் என்று எங்கும் பரவியது.

கரியும் களிமண்ணும் சேர்ந்தால் நெருப்புக்கு நிற்கும் என்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. உலகம் வூட்ஸ் என்று வியந்த தென்னிந்திய உருக்கைச் செய்தவர்கள், மூசை என்னும் உருக்கும் கலத்தைப் பிடிக்கும் மண்ணில் நெல் உமியைக் கலந்தார்கள். தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் கிடைத்த மூசைகளை ஆராய்ந்தபோது, உமி கருகிக் கரியும் சிலிக்காவும் கலந்த நார்போலச் சுவருக்குள் நின்று பலம் கொடுத்தது தெரிந்தது. தமிழ்நாட்டில் மேல்சிறுவளூரிலும் உருக்கு மூசைகளின் எச்சம் கிடைத்திருக்கிறது. அந்தக் கொல்லர்களிடம் நுண்ணோக்கி இல்லை. உடைந்த மூசையைக் கையில் எடுத்துப் பார்க்கும் கண் இருந்தது.

கரிக்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றுப் பட்டால் எரிந்துவிடும். கசடில் உள்ள இரும்பு ஆக்சைடும் அதை எரிக்கும். கரி போனால் செங்கல்லின் முகம் பஞ்சுபோல ஓட்டை விழும், கசடு புகுந்து மக்னீசியாக் குருணைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். இதற்குத்தான் அலுமினியம், சிலிக்கன், போரான் கார்பைடு போன்றவற்றைத் தூளாகச் சேர்க்கிறோம். கரிக்கு முன்னால் இவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கின்றன. அலுமினியம் கடைசியில் மக்னீசியாவோடு கூடி ஸ்பினல் என்ற கெட்டியான படிகமாக மாறும். மாறும்போது கொஞ்சம் உப்பி, ஓட்டைகளையும் அடைக்கும்.

செங்கல் தானே செய்துகொள்ளும் தற்காப்பும் உண்டு. கடும் சூட்டில் மக்னீசியாவும் கரியும் வினைபுரிந்து மக்னீசிய ஆவி கிளம்பும். அது சூடான முகத்தை நோக்கி வரும்போது ஆக்சிஜனைச் சந்தித்து, மறுபடி மக்னீசியாவாகப் படிந்து அடர்த்தியான தோல் ஒன்றைப் போர்த்தும். உள்ளே கொஞ்சம் இழந்து வெளியே கவசம் போடுகிறது. இதை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்லுக்கு உயிர் இருப்பதுபோலத் தோன்றியது.

எதிரியே காவலாளி

இனி உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு நேரான பதில்: புதிதாக நடக்கிறது, நிறைய நடக்கிறது. எனக்கு மிகப் பிடித்ததை முதலில் சொல்கிறேன்.

ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும். கசடும் அப்படித்தான். அது மக்னீசியாவுக்குப் பசித்த வாயோடு இருந்தால் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாமே சுட்ட டோலமைட்டைப் போட்டுப் பசியை அடக்கிவிட்டால் சுவரை விட்டுவிடும். கசடில் மக்னீசியா எட்டு, பத்து சதவீதத்துக்கு வந்துவிட்டால் தேய்மானம் வெகுவாகக் குறையும். செங்கல்லை மாற்றாமல், கசடை மாற்றிச் சுவரைக் காப்பது இது.

அதற்கும் ஒரு படி மேலே போனது 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா ஹார்பர் ஆலை. உருக்கை வடித்த பிறகு கொஞ்சம் கசடை உள்ளேயே விட்டுவைத்தார்கள். ஆக்சிஜன் ஊதும் அதே குழாய் வழியாக நைட்ரஜனை ஒலியைவிட வேகமாக இரண்டு மூன்று நிமிடம் ஊதினார்கள். கசடு நாலாபுறமும் தெறித்துச் சுவரில் அப்பி உறைந்தது. அடுத்த ஹீட்டில் தேய்வது அந்தக் கசடுப் பூச்சு. செங்கல் பத்திரமாக இருந்தது. ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் ஒரு பூச்சு. பாட்டியின் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய அதே வேலை. ஆனால் இங்கே பூசப் பயன்பட்டது அரித்த புளியேதான்! சில ஆயிரம் ஹீட்டுகளில் முடிந்த சுவரின் ஆயுள் அங்கே 1994-இல் 15,000 ஹீட்டுகளைத் தாண்டியது. இன்று உலகம் முழுக்க இந்த முறை நடக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கன்வெர்ட்டரின் அடியிலிருந்து வாயு செலுத்தி உருக்கைக் கலக்கும் துளைகளை இந்தப் பூச்சு மூடிவிடும். கலக்கல் குறைந்தால் உருக்கின் தரம் குறையும், இரும்பும் வீணாகும். ஆகவே நல்ல ஆலைகள் ஆயுளை அளவுக்குமேல் நீட்டுவதில்லை. சுவர் இருப்பது நல்ல உருக்குக்காக. சுவருக்காக உருக்கு இல்லை. வேலைக்குப் போனதும் யாராவது ஹீட் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பெருமை பேசினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழைத்து ஊற்றும் சுவர்

"செங்கல் அடுக்கும் வேலை" என்று உங்கள் நண்பர்கள் சொன்னார்கள். இன்று பல இடங்களில் செங்கல்லே இல்லை. காங்கிரீட்போலத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அச்சுக்குள் ஊற்றி, இணைப்பே இல்லாத ஒரே சுவராக எழுப்புகிறோம். இதை காஸ்டபிள் என்போம். இணைப்பு இல்லையென்றால் கசடு நுழைய வாசலும் இல்லை.

பழைய காஸ்டபிளில் கால்சியம் அலுமினேட் சிமெண்ட் நிறைய இருந்தது. சிமெண்டின் சுண்ணாம்பே சூட்டில் இளகிச் சுவரைப் பலவீனமாக்கியது. குருணைகளின் அளவைச் சல்லடை சல்லடையாகத் தேர்ந்து, பெரிய குருணைகளின் சந்தில் சிறியது, அதன் சந்தில் மாவு, அதன் சந்தில் மைக்ரான் அளவுத் தூள் என்று நெருக்கிச் சேர்க்கக் கற்ற பிறகு, சிமெண்ட் மிகச் சிறிதளவே போதுமானதாயிற்று. தண்ணீரும் அதுபோலவே குறைந்தது. ஸ்பினல் சேர்த்த அலுமினா காஸ்டபிள் ஜப்பானில் லேடிலின் சுவருக்கு 1980-களின் இறுதியிலிருந்து வழக்கமாயிற்று. தேய்ந்த பகுதியைச் சுரண்டிவிட்டு மிச்சத்தின்மேலேயே புதிதாக ஊற்றலாம். முழுச் சுவரையும் இடித்துக் குப்பையில் கொட்ட வேண்டாம்.

ஆனால் நெருக்கமாகச் சேர்ந்த சுவரில் ஓர் ஆபத்து. ஊற்றிய தண்ணீர் நீராவியாகி வெளியேற வழி கிடைக்காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம், ஓர் ஆலையில் ஒரு லேடிலைப் புதிதாக ஊற்றியிருந்தோம். உற்பத்தி அவசரம். உலர்த்தும் அட்டவணையில் சில மணி நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பர்னரைக் கூட்டினோம். பக்கத்து ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெடிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் தோல் பெயர்ந்து விழுந்திருந்தது. உடைந்த துண்டுகள் ஷெட்டின் மறுகோடி வரை சிதறியிருந்தன. அந்த இடத்தில் வழக்கமாக நின்று சூட்டைக் குறித்துக்கொள்பவர் அன்று எங்களோடு டீ குடிக்க வந்திருந்தார். அவ்வளவுதான் இடைவெளி. அன்றிலிருந்து உலர்த்தும் அட்டவணையில் ஒரு மணி நேரத்தைக்கூட நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இன்று இதற்கும் நல்ல வழி வந்திருக்கிறது. கலவையில் தலைமுடியைவிட மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சேர்க்கிறார்கள். ஏறக்குறைய 165 டிகிரியில் இழை உருகிப் போய்விடும்; அது இருந்த இடம் நீராவிக்குக் குழாயாகும். இவ்வளவு எளிய யோசனை எத்தனை பேரைக் காத்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

இப்போதைய போராட்டங்கள்

ஒன்று, கரியைக் குறைப்பது. கார் உடம்புக்கான தகட்டில் கரி 0.003 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து சதவீதம் கரியுள்ள செங்கல்லில் அந்த உருக்கைச் சுமந்தால், சுவரே உருக்கில் கரியை ஏற்றிவிடும். கிராஃபைட் சூட்டையும் கடத்தி வெளியே விரயமாக்கும். கரியைக் குறைத்தாலோ பழைய வெடிப்பும் அரிப்பும் திரும்பி வரும். 2000-க்குப் பிறகு ஜப்பானில் தொடங்கிப் பல நாடுகளில், கரியை நானோ அளவுத் துகளாக்கிப் பிணைப்பு எங்கும் பரப்பி, மொத்தக் கரி ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பழைய பலம் வரும்படி செய்து பார்க்கிறார்கள். இன்னும் முழுதாகத் தீராத கணக்கு இது. உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.

இரண்டு, கண். நாங்கள் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "இங்கே மெலிந்திருக்கிறது" என்று அனுபவத்தால் சொல்வோம். இப்போது இரண்டு ஹீட்டுகளுக்கு இடையில் லேசர் கருவி உலைக்குள் நோக்கி, சுவர் எங்கே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று வரைபடமே தருகிறது. மெலிந்த இடத்தில் மட்டும் மக்னீசியாக் கலவையைப் பீய்ச்சி அப்பலாம். இப்படி எல்லாம் சேர்ந்து, ஒரு டன் உருக்குக்கு முப்பது கிலோ அளவில் செலவான தீத்தாங்கிப் பொருள் இன்று நல்ல ஆலைகளில் பத்துக் கிலோ அளவுக்கு வந்துவிட்டது.

மூன்று, ஹைட்ரஜன். நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் தாதை இரும்பாக்கும் முயற்சி ஸ்வீடனின் லூலியோவில் 2020-இல் சோதனை ஆலையில் தொடங்கியது. கடும் சூட்டில் ஹைட்ரஜன் சிலிக்காவையே கரைத்து ஆவியாக்கிவிடும். சிலிக்கா கலந்த பழைய செங்கற்கள் அங்கே நிற்காது. அப்படிச் செய்த இரும்பை மின்வில் உலையில் உருக்கும்போது, தாதோடு வந்த மண்ணின் சிலிக்காவால் கசடு அமிலப் பக்கம் சாயும். மக்னீசியாச் சுவருக்கு அது பழைய பகை. புகையில்லாத உருக்கு வர வேண்டுமானால், அதற்கு ஏற்ற சுவர் வந்தாக வேண்டும்.

உங்கள் ஊர்க் கல்

மூன்றாவது சந்தேகத்துக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு இனிப்பாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை.

சேர்வராயன் மலையடிவாரத்தில், கருப்புப் பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடும் மேக்னசைட், நம் நாட்டு உருக்குத் தொழிலுக்குப் பல பத்தாண்டுகள் கைகொடுத்தது. ஆனால் நரம்புகளுக்கு இடையே சிலிக்காவும் சேர்ந்தே வரும். சுட்ட மக்னீசியாவில் சிலிக்காவும் சுண்ணாம்பும் சமமாகக் கலந்தால் 1500 டிகிரியிலேயே இளகும் கூட்டுப்பொருள் குருணைகளுக்கு நடுவே உண்டாகும். 2800 டிகிரி தாங்கும் குருணை நின்றாலும் அவற்றைப் பிடித்திருக்கும் பசை உருகிவிடும். உயர்தர மேக்-கார்பன் செங்கல்லுக்கு 97, 98 சதவீதம் தூய்மையுள்ள, மின்வில்லில் உருக்கிப் பெரும் படிகமாக்கிய மக்னீசியா கேட்கிறார்கள். அதில் பெரும்பகுதியை நம் நாடு சீனாவிலிருந்து வாங்குகிறது. சேலம் கல்லுக்கு உலையின் அடித்தளத்தில் இடித்து நிரப்பும் கலவை, பீய்ச்சி அப்பும் கலவை, நடுத்தரச் செங்கல் என்று இடம் இருக்கிறது. கையால் பொறுக்கிப் பிரித்த காலம் போய், கல்லைப் பொடித்து நீரில் மிதக்கவிட்டுச் சிலிக்காவைப் பிரிக்கும் முறைகள் வந்துவிட்டன. அவற்றில் முதலீடும் உழைப்பும் போனால் இடம் விரியும்.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டன் தூய மேக்னசைட்டைச் சுட்டால் 478 கிலோ மக்னீசியா. மீதி 522 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போகிறது. சூளை எரிக்கும் எண்ணெயின் புகை தனி. அதனால் தேய்ந்த செங்கல்லைக் குப்பையில் கொட்டுவது இப்போது குற்ற உணர்வைத் தருகிறது. இடித்தெடுத்த செங்கல்லில் ஒட்டிய கசடைத் தட்டி, இரும்பைக் காந்தத்தால் பிரித்து, வகை வகையாக ஒதுக்கி, பொடித்து, மறுபடி செங்கல்லில் சேர்க்கிறார்கள். அலுமினியம் கலந்த செங்கல்லில் உலைக்குள் அலுமினியம் கார்பைடு உண்டாகியிருக்கும். அதை அப்படியே புதுச் செங்கல்லில் போட்டால் ஈரக்காற்றுப் பட்டே வெடித்துப் பொடியாகிவிடும். முதலில் நீரில் ஊறவைத்து அந்த வேகத்தைத் தீர்க்க வேண்டும். இடித்த சுவரை ஒதுக்கிப் பிரிக்கும் அந்த வேலையில், கல்லைப் பார்த்ததும் தரம் சொல்லும் உங்கள் அப்பாவின் கண் இருந்தால் போதும், அவர் பெரிய சொத்து.

வேலைக்குப் போகலாமா?

போங்கள், அம்மா. போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு லேடிலை இடிக்கும் நாளில், ஆறிய பிறகு, கசடு நிற்கும் மட்டத்தில் இருந்த செங்கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, குறுக்காக அறுக்கச் சொல்லுங்கள். முதலில் விரல் நகம் கனத்துக்குக் கண்ணாடிபோல மின்னும் கசடு. அதன் பின்னால் ஒரு மெல்லிய வெளிறிய கோடு. கரி எரிந்துபோன இடம். அதற்குப் பின்னால் கறுத்த, குளிர்ந்த, நேற்று அச்சிலிருந்து வந்ததுபோன்ற செங்கல். 1650 டிகிரிக்கும் சாதாரணச் செங்கல்லுக்கும் நடுவே நடந்த போர் முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். வெளிறிய கோடு அகலமா? காற்றைத் தடுக்கச் சேர்த்த தூள் போதவில்லை. முகத்துக்கு இணையாக விரிசலா? ஆறவிட்டு ஆறவிட்டுச் சூடேற்றியிருக்கிறார்கள். இணைப்பில் மட்டும் பள்ளமா? அடுக்கியவர் கையில் அவசரம் இருந்திருக்கிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எந்த எறும்பு ஊர்ந்தது என்று தேய்ந்த கல்லைப் பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. தாமஸ் அதைச் செய்தார், ஜப்பானியர் செய்தார்கள், பெயர் தெரியாத நம் மூசைக் கொல்லர்களும் செய்தார்கள்.

அறுத்த அந்தச் செங்கல்லில் பாதியை ஆலையின் அனுமதியோடு வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பா கையில் கொடுங்கள். வெள்ளையாக வெட்டி அனுப்பிய கல் கறுப்பாகத் திரும்பி வந்திருப்பதை அவர் பார்க்கட்டும். எந்தப் பக்கம் எஃகு கொதித்தது என்று கேட்பார். காட்டுங்கள்.